ஆற்றங்கரையில் இடம் கேட்டவர்களுக்கு

மே மாதக் கடைசியில் ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு டெக்சாசின் கார்னர் பூங்காவுக்குக் கிளம்பவிருக்கும் ஆஸ்டின், சான் அன்டோனியோ நண்பர்கள் அனைவருக்கும்,

பதிவு செய்த இடங்களின் எண்களை நம் அரட்டைக் குழுவில் போட்டதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. பூங்காவின் வரைபடத்தைப் பார்த்த ஒருவர், "என்னப்பா இது, எல்லாமே மேட்டுல இருக்கு? ஆறு எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்?" என்று கேட்டார். அடுத்த நிமிடமே இன்னொருவர், "கதவைத் தெறந்தா தண்ணி தெரியணும், அதுக்குத்தானே இந்த வண்டிக்கு இவ்வளவு வாடகை" என்றார். நான் பதில் அடித்து முடிப்பதற்குள் நாலைந்து பேர் சிரிக்கும் பொம்மை போட்டு, ஒருவர் காலை வணக்கப் பூ அனுப்பி, பேச்சு வேறெங்கோ போய்விட்டது. அந்தக் குழுவில் நாலு வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை. அதனால்தான் இந்தத் திறந்த மடல். நம்மைப்போல கோடை விடுமுறைக்கு முதன்முதலாக ஆர்.வி. வாடகைக்கு எடுத்து ஏதாவது ஓர் ஆற்றங்கரைக்குப் போக நினைக்கும் மற்ற தமிழ்க் குடும்பங்கள் கண்ணிலும் பட்டால் நல்லது.

ஆற்றை ஒட்டிய இடங்கள் காலியாகத்தான் இருந்தன. ஐந்து மாதம் முன்பு பதிவு திறந்த அன்று காலையிலேயே கணினி முன்னால் உட்கார்ந்தவன் நான். வேண்டுமென்றேதான் அவற்றை விட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்காக இடத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். சான் அன்டோனியோவிலிருந்து மேற்கே சுமார் இரண்டு மணி நேர ஓட்டம். கான்கன் என்ற சிற்றூரைத் தாண்டிச் சற்று வடக்கே, ஃப்ரியோ ஆறு குன்றுகளுக்கு நடுவே வளைந்து போகிற இடத்தில் பூங்கா இருக்கிறது. 1930களின் பொருளாதாரச் சரிவில் வேலையில்லாமல் கிடந்த இளைஞர்களைச் சேர்த்து ரூஸ்வெல்ட் அரசு சி.சி.சி. என்று ஒரு படை அமைத்ததே, அந்தப் பையன்கள் கட்டியது. மாதக் கூலி 30 டாலர். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும், கையில் நிற்பது ஐந்து. ஊருக்குப் பணம் அனுப்பியே பழகிய நமக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1941இல் பூங்கா திறந்தது. பெயர் யுவால்டி ஊர்க்காரரான ஜான் நான்ஸ் கார்னருடையது. 1933 முதல் 1941 வரை ரூஸ்வெல்ட்டுக்குத் துணை அதிபராக இருந்தவர்.

அந்தப் பையன்கள் சுண்ணாம்புக்கல்லைக் கொத்தி எழுப்பிய மண்டபமும் அதை ஒட்டிய திறந்த தளமும் இன்றும் அப்படியே நிற்கின்றன. கோடை இரவுகளில் அங்கே ஜூக்பாக்ஸ் பாட்டு போடுவார்கள். வந்திருக்கும் சனம் முழுக்க ஆடும். 1940களில் தொடங்கிய பழக்கம். பாட்டி ஆடிய தளத்தில் பேத்தி ஆடுகிற குடும்பங்கள் டெக்சாசில் நிறைய உண்டு. நம் பிள்ளைகள் முதல் அரைமணி நேரம் தூணுக்குப் பின்னால் நின்று வெட்கப்படுவார்கள், அப்புறம் இழுத்துக்கொண்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பெரியவர்களும் ஆடலாம். யாரும் படம் பிடித்துக் குழுவில் போடக்கூடாது என்று மட்டும் ஒரு தீர்மானம் நிறைவேற்றிக்கொள்வோம்.

இனி ஆறு. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவு, மே மாத வெயிலிலும் காலை வைத்தால் சிலீர் என்றிருக்கும். ஊற்றுநீர் என்பதால் அப்படி. கரை நெடுக பால்ட் சைப்ரஸ் மரங்கள், வேர் முழுக்கத் தண்ணீருக்குள். டயர் டியூப்பில் உட்கார்ந்து மிதந்துகொண்டே போகலாம். இந்தப் படங்களைப் பார்த்துத்தான் எல்லோரும் கரையோரம் வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் அதே சைப்ரஸ் மரத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

போன தடவை பிள்ளைகளில் ஒருத்தி, கிளை பிரியும் கவட்டில் ஒரு பெரிய குருவிக்கூட்டைக் காட்டினாள். நல்ல உயரம். நான் கையைத் தூக்கி எம்பினாலும் எட்டாது. அருகே போய்ப் பார்த்தால் கூடு இல்லை. காய்ந்த கோரைப்புல், சுள்ளி, ஒரு நைலான் கயிற்றுத் துண்டு, அரைச் செருப்பு எல்லாம் சேர்ந்து பின்னிக்கொண்டு, கெட்டியாக, ஒரே பக்கமாகச் சாய்ந்து இறுகிக் கிடந்தன. சாய்ந்திருந்த பக்கம் ஆறு ஓடும் திசை. பக்கத்து மரத்திலும் அதே உயரத்தில் அதே மாதிரி ஒன்று. அதற்கடுத்த மரத்திலும். யாரோ நூல் பிடித்துக் கட்டிவிட்ட வரிசைபோல இருந்தது. எப்போதோ ஒரு நாள் தண்ணீர் அந்த மட்டத்தில் ஓடியிருக்கிறது. நான் நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து ஒரு கல் எறியும் தூரத்தில், அந்த மட்டத்துக்குக் கீழே, மின்கம்பமும் தண்ணீர்க் குழாயும் வைத்த ஆர்.வி. இடங்கள்.

இந்தப் பகுதிக்குத் திடீர் வெள்ளச் சந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று தடையில்லாமல் சமவெளியைக் கடந்து வருகிறது. பால்கோன்ஸ் சரிவில் நிலம் திடீரென உயர்வதால் காற்றும் மேலேறுகிறது, குளிர்கிறது, கொட்டுகிறது. கீழே சுண்ணாம்புப் பாறை, அதன் மேல் விரல் மொத்தத்துக்கு மண். தகரக் கூரையில் பெய்த மழைபோல் அவ்வளவு தண்ணீரும் வழிந்து ஒரே பள்ளத்தில் சேர்கிறது. ஆறு என்பது அந்தப் பள்ளம்தான்.

நாம் போகிற வழியிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. யு.எஸ். 90 நெடுஞ்சாலையில் ஹோண்டோவுக்கும் சபினாலுக்கும் நடுவே டிஹானிஸ் என்று ஒரு சின்ன ஊர் வரும். கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுவோம். அங்கே 1935 மே 31 அன்று மூன்று மணி நேரத்துக்கும் குறைவான பொழுதில் 22 அங்குலம் மழை பெய்தது. நம் கணக்கில் சுமார் 56 சென்டிமீட்டர். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த அந்த மழையில் தாம்பரத்தில் பதிவானது ஒரு நாள் முழுவதற்கும் 49 சென்டிமீட்டர். அன்றைக்கு அடையாற்றுக் கரையில் மொட்டை மாடியில் ராத்திரியைக் கழித்தவர்கள் நம் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். டிஹானிஸில் பெய்தது அதைவிட அதிகம், அதில் எட்டில் ஒரு பங்கு நேரத்தில்.

2025 ஜூலை 4 நம் யாருக்கும் மறந்திருக்காது. குவாடலூப் ஆறு பாயும் கெர் கவுண்டி, ஃப்ரியோ பிறக்கும் ரியல் கவுண்டிக்குப் பக்கத்து வீடு. விடியற்காலையில் ஹன்ட் என்ற ஊரருகே ஆறு 45 நிமிடங்களில் 26 அடி ஏறியது. மலைப்பகுதி முழுவதுமாக 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெள்ளத்தில் சிக்கிய பிள்ளைகள் முகாமைப் பற்றித்தான் உலகம் அதிகம் பேசியது, பேசாமல் எப்படி இருக்க முடியும். ஆனால் அதே ராத்திரி ஆற்றங்கரை ஆர்.வி. பூங்காக்களிலிருந்து வண்டிகள் ஆளோடு அடித்துச் செல்லப்பட்டன. விடுமுறை நாள் வாரக் கடைசி, எல்லா இடமும் நிரம்பியிருந்த இரவு. முதல் எச்சரிக்கை வந்தது இரவு 1.14 மணிக்கு. எத்தனை பேர் அந்த நேரத்தில் விழித்திருப்பார்கள், எத்தனை பேர் போனில் சிக்னல் இருந்திருக்கும்?

1987 ஜூலையிலும் இதே குவாடலூப்தான், கம்ஃபர்ட் என்ற ஊரருகே. முகாமிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பேருந்து வெள்ளத்தில் சிக்கிப் பத்துப் பேர் போனார்கள். டெக்சாசுக்கு மட்டும் உரிய கதையும் இல்லை இது. ஆர்கன்சாவில், தேசியக் காட்டுக்குள், ஆல்பர்ட் பைக் என்று ஒரு முகாமிடம் இருந்தது. 2010 ஜூன் 11 விடிவதற்கு முன்னால், மூன்றடி ஓடிக்கொண்டிருந்த லிட்டில் மிசௌரி ஆறு 23 அடிக்கு மேல் ஏறியது. கூடாரத்திலும் ஆர்.வி.யிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 20 பேர் உயிரோடு எழவில்லை. அவர்கள் யாரும் அசட்டுத் துணிச்சல்காரர்கள் இல்லை. காசு கொடுத்துப் பதிவு செய்து, கொடுத்த எண்ணில் வண்டியை நிறுத்தியவர்கள். எண் போட்டு, மின்சாரம் கொடுத்து, மேசை போட்டு வைத்திருந்தால் அந்த இடம் பத்திரமானது என்று நம் மனசு தானாக முடிவுகட்டிவிடுகிறது. எனக்குப் பயம் அந்த முடிவின்மேல்தான்.

ஆர்.வி. என்பது உள்ளேயிருந்து பார்த்தால் வீடு. வெளியேயிருந்து பார்த்தால் மரச்சட்டம், தகடு, பஞ்சு, நாலு சக்கரம். ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தால் பெரும்பாலான கார்களைத் தூக்கிவிடும். பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லருக்குக் காரளவுக்குக்கூட எடை ஊன்றாது, பக்கவாட்டில் சுவர்போல் பரப்பு வேறு. கூடாரத்தில் படுத்தவனுக்காவது தண்ணீர் முதுகில் படும், விழித்துக்கொள்வான். நாம் ஏ.சி. இரைச்சலில், ஜன்னல் சாத்தி, திரை போட்டுத் தூங்குவோம்.

இதோடு இன்னொன்றும் உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், இரண்டு வீட்டில் மாமனார் மாமியார். கூடாரம் வேண்டாம், ஆர்.வி.தான் என்று நாம் முடிவு செய்ததே அவர்களுக்காக. ராத்திரி இரண்டு முறை எழுந்து போக உள்ளேயே கழிப்பறை, படுக்க மெத்தை. அந்த வண்டியின் இரும்புப் படி ஆடும்; பகலிலேயே ஒரு கை பிடித்துத்தான் அம்மாவை இறக்குகிறோம். அதே அம்மாவை ராத்திரி மூணு மணிக்கு, மழையில், கரண்ட் போன இருட்டில், பத்து நிமிடத்தில் மேட்டுக்குக் கூட்டிப் போவதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நான் ஓட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் மேட்டு எண்களை அழுத்தினேன்.

ஆற்றுக்கு நடந்து போக ஐந்து பத்து நிமிடம் ஆகும். பகல் முழுக்கக் கரையில் நாற்காலி போட்டுக் கிடக்கலாம், யார் வேண்டாம் என்றது? தூங்க மட்டும் மேலே வந்துவிடுவோம்.

மேட்டில் இருப்பதால் மட்டும் கவலை தீர்ந்துவிடாது. நம் தலைக்கு மேலே நட்சத்திரம் தெரியும்போதே வெள்ளம் வரலாம். ஃப்ரியோவின் கிழக்குக் கிளையும் மேற்குக் கிளையும் லேக்கி ஊர்ப்பக்கம் சேர்ந்து நம்மிடம் வருகின்றன. ஆகவே சாயங்காலம் பார்க்க வேண்டியது லேக்கிக்கு வடக்கே என்ன பெய்கிறது என்பதை. பள்ளத்தாக்குக்குள் போன் சிக்னல் வரும், போகும். பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று கொண்டுவருகிறேன். எச்சரிக்கை வந்தால் அது தானே அலறும். ஒவ்வோர் இரவும் அது ஒருவர் தலைமாட்டில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் அன்றைக்கு ஆழ்ந்து தூங்குகிற ஆளாக இருக்கக் கூடாது. (யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.) 'வாட்ச்' என்று வந்தால் கண் திறந்து வைத்திருக்க வேண்டும். 'வார்னிங்' என்று வந்தால் கால் நகர வேண்டும். வண்டியைக் கொக்கியில் மாட்டுகிறேன், குழாயைக் கழற்றுகிறேன், சாய்ப்பைச் சுருட்டுகிறேன் என்று ஒருவரும் நிற்கக் கூடாது. வண்டி காப்பீட்டில் இருக்கிறது. இந்தப் பக்கத்துச் சாலைகள் பல இடங்களில் ஆற்றுக்குள்ளேயே இறங்கி ஏறும். தண்ணீர் ஓடுகிற அந்தப் பள்ளங்களில் காரை இறக்குவதைவிட மேட்டில் நனைந்துகொண்டு நிற்பது மேல்.

போதும். பயமுறுத்தி முடித்தாயிற்று. வண்டிக்கு வருவோம்.

பாதை: சான் அன்டோனியோவிலிருந்து யு.எஸ். 90இல் சபினால் வரை, அங்கிருந்து 127ஆம் சாலையில் கான்கன், பிறகு யு.எஸ். 83. ஆஸ்டின்காரர்களுக்குப் போன் குறுக்கு வழி என்று 337ஐக் காட்டினால் நம்பாதீர்கள். அது மோட்டார்சைக்கிள்காரர்கள் ஆசைப்பட்டு வந்து ஓட்டும் மலைவளைவுச் சாலை, டிரெய்லருக்கு ஆகாது. பலகை 75 மைல் என்று சொன்னாலும் டிரெய்லர் டயர்கள் பலவற்றுக்கு 65தான் உச்சம். டயரின் பக்கச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மின்சாரத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் போன தடவை நடந்த சண்டைகளில் பாதி இதனால். நம்முடைய வாடகை வண்டிகளில் பெரும்பாலானவை 30 ஆம்பியர். 120 வோல்ட்டால் பெருக்கினால் 3600 வாட். இது வண்டி முழுவதற்கும் சேர்த்து. ஏ.சி. ஓடினால் 1500 வாட் போயிற்று. தண்ணீர் சூடாக்கும் கொதிகலன் மின்சாரத்தில் இருந்தால் இன்னொரு 1400. மிச்சம் இருப்பதில் எலக்ட்ரிக் கெட்டிலைத் தட்டினீர்களென்றால் 1500. டப் என்று எல்லாம் அணையும். அணைந்ததும் எல்லோரும் பாவம் அந்தக் கிரைண்டரைத்தான் முறைக்கிறார்கள். மேசைக் கிரைண்டர் 150 வாட்தான் இழுக்கும், அது ஒரு தப்பும் செய்யவில்லை. குற்றவாளி எப்போதும் சூடாக்குகிற சாமான்தான்: கெட்டில், இன்ஸ்டன்ட் பாட், இண்டக்ஷன் அடுப்பு, தலைமுடி உலர்த்தி. ஆகவே காப்பிக்கு வெந்நீர் கேஸ் அடுப்பில். கொதிகலனையும் கேஸுக்கு மாற்றிவிடுங்கள், பெரும்பாலான வண்டிகளில் அதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. இன்ஸ்டன்ட் பாட்டில் சாதம் வைக்கிற அரைமணி நேரம் ஏ.சி.யை நிறுத்திவிட்டு மரத்தடிக்கு வாருங்கள். இவ்வளவு தூரம் வந்தது மரத்தடியில் உட்காரத்தானே. பிற்பகல் மூன்று மணிக்குப் பூங்கா முழுக்க ஏ.சி. ஓடும்போது கம்பத்தில் வோல்டேஜ் இறங்கும். அதற்கு ஒரு காப்புக் கருவி இருக்கிறது, கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டுவது. வாடகைக்குக் கொடுப்பவர்கள் தரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

தாளிப்பு வெளியேதான். இது வேண்டுகோள் அல்ல, உத்தரவு. அந்தச் சின்ன அறையில் கடுகு வெடித்து மிளகாய் கிள்ளிப் போட்ட அடுத்த நொடி புகை மணி அலறும், பக்கத்து இடத்து டெக்சாஸ்காரர் தீயணைப்பானோடு ஓடிவருவார். போன தடவை அப்படி வந்தவர் சாம்பாரைக் குடித்துவிட்டுத்தான் போனார் என்பது வேறு விஷயம். பெருங்காய வாசனை மெத்தைத் துணியில் ஏறிவிட்டால் போகாது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம் செய்யும் கட்டணம் என்று ஒரு வரி கூடுதலாக வரும். சாய்ப்புக்குக் கீழே இரட்டை பர்னர் அடுப்பைப் போட்டுக்கொள்வோம்.

இனி யாரும் பேச விரும்பாத தொட்டிகள். நல்ல தண்ணீர் ஒன்று, பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்தால் நீர் மட்டும் ஓடிவிடும், கெட்டிப்பொருள் தங்கி இறுகிவிடும். எனவே மூடி வைத்து, முக்கால் தொட்டி நிறைந்த பின் ஒரேயடியாகத் திறக்க வேண்டும். முதலில் அது, பிறகு குளித்த தண்ணீர். அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயை அலசிக்கொண்டு போகும். குழந்தை துடைக்கும் ஈரத் துணிகள் எந்தக் காரணத்தைக் கொண்டும் உள்ளே போகக் கூடாது, பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. பாத்திரம் கழுவும் தொட்டியில் வடிகட்டி வைத்து, கறிவேப்பிலையையும் கடுகையும் பிடித்துக் குப்பையில் போடுங்கள்.

பாத்திரம் கழுவிய தண்ணீர்தானே, மரத்துக்கு ஊற்றினால் என்ன என்று ஒருவர் கேட்டார். பூங்காவில் அனுமதி இல்லை என்பது ஒரு பதில். இன்னொன்று, இந்த ஆறு கான்கனுக்குக் கீழே பால்கோன்ஸ் பிளவுப் பகுதியைக் கடக்கும்போது பாறை வெடிப்புகள் வழியே தரைக்குள் இறங்குகிறது. இறங்கிய நீர் எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர்ப்படுகைக்குப் போகிறது. சான் அன்டோனியோவின் முக்கியமான குடிநீர் அதுதான். ஆக, அங்கே கொட்டுகிற சாம்பார் தண்ணீர் நம் வீட்டுக் குழாய்க்கு வரும் வழியில்தான் கொட்டப்படுகிறது. ஆஸ்டின்காரர்கள் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள், தப்பித்தோம் என்று நினைக்கலாம். உங்கள் ஆற்றுக்கு மேல்கரையிலும் யாரோ ஆர்.வி. நிறுத்தியிருப்பார்கள்.

இந்தத் தொட்டி வேலையில் ஒரு அரசியலும் இருக்கிறது. குழாயைப் பிடித்து அரைமணி நேரம் நின்றுவிட்டு ஆண்கள் அன்றைய வேலையை முடித்ததாகக் கணக்கு எழுதிவிடுகிறார்கள். பெண்கள் மூன்று வேளையும் அடுப்பில். வீட்டில் இருந்த அதே சமையல், கூடுதலாகக் கொசு. இந்தத் தடவை காலைச் சாப்பாட்டுப் பொறுப்பு முழுக்க ஆண்களுடையது, பாத்திரத்தோடு சேர்த்து. அக்காமார் விடிந்ததும் ஆற்றுக்குப் போய்விடலாம். கூட்டம் வருவதற்கு முந்தைய அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் இந்த ஆற்றின் நல்ல முகம் தெரியும். அப்பாக்களுக்குப் பறவை பார்க்கப் பிடிக்கும் என்றால், ஜூனிப்பர் மரங்களில் மஞ்சள் கன்னம் உள்ள ஒரு சின்ன குருவியைத் தேடச் சொல்லுங்கள். உலகத்தில் டெக்சாசில் மட்டும் கூடு கட்டும் இனம். முதிர்ந்த ஜூனிப்பரின் பட்டையை உரித்துத்தான் கட்டும்.

சில்லறை விஷயங்கள்: ஓர் இடத்துக்கு எட்டுப் பேர்தான். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை சத்தம் கூடாது, ஜெனரேட்டரும் கூடாது. வெட்டவெளியில் மதுப் புட்டி கூடாது, புரிந்தவர்களுக்குப் புரியும். கீழே கிடக்கும் விறகைப் பொறுக்கக் கூடாது, கடையில் வாங்க வேண்டும். வறட்சித் தடை இருந்தால் நெருப்பே கிடையாது, அப்போது வாட்டுவதற்கு வைத்திருந்த சோளம் கேஸ் அடுப்புக்குப் போகும். பூங்காவில் உள்ள ஓல்ட் பால்டி குன்று உயரம் குறைவுதான், ஆனால் செங்குத்து, கல் உருளும். செருப்போடு ஏற முயலும் மாமாக்களைத் தடுத்து நிறுத்துவது அவரவர் மருமகன் பொறுப்பு.

ஆற்றோர இடம்தான் வேண்டும் என்று இதற்குப் பிறகும் நினைப்பவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். பெரியவர்களும் சின்னக் குழந்தைகளும் இல்லாத குடும்பம், வானிலை பார்த்து நாள் குறித்து வரக்கூடியவர்கள் என்றால் உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம், அதில் நான் தலையிட மாட்டேன். என் பதிவிலிருந்து உங்கள் இடத்தை விட்டுவிடுகிறேன், நீங்கள் கீழே எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு மேலே வந்துவிடலாம். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். மேட்டு இடங்களுக்கு வேறு குடும்பங்கள் காத்திருக்கின்றன.

வானிலை ரேடியோவுக்கு முதல் இரவு நான். மற்ற இரவுகளுக்கு இதுவரை யாரும் பெயர் கொடுக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் இடங்களைப் பதிவு செய்தவன்